பயிற்சிக்கு நிறம் இல்லை

லிலாங்வேயில் எனக்கு முதலில் காட்டப்பட்டது ஊர் அல்ல, ஒரு வரைபடம். ஓட்டலின் கூட்ட அறையில், பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு மலாவி நாடு தொங்கியது. நீளவாக்கில் ஒல்லியான நாடு. கிழக்கே ஏரி. மீதி இடம் முழுக்க நீலம், ஆரஞ்சு, பச்சை, ஊதா. ஒவ்வொரு நிறமும் உதவி கொடுக்கும் ஒரு வெளிநாட்டு அமைப்பு. எந்த நிறமும் இன்னொன்றின் மேல் ஏறவில்லை.

அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்பும் ஒரு பெயர்ப் பலகை, இரண்டு தண்ணீர் பாட்டில்கள். யாரும் தங்கள் அமைப்பின் பெயரைச் சொல்லவில்லை. "அங்கே நாங்கள் ஆரஞ்சு", "அதைப் பச்சையிடம் கேட்க வேண்டும்" என்றே பேசிக்கொண்டார்கள். சுகாதாரத்துக்கு வரும் வெளிநாட்டு உதவியை ஒழுங்குபடுத்த, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கூட்டம் அது. தலைமை வகித்தவர் ஓர் அரசு அதிகாரி. மெதுவாகப் பேசுபவர், யாரையும் இடைமறிக்காதவர்.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு கையேடு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இயங்கும் எங்கள் சிறிய அலுவலகம், இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு ஆவணங்கள் தயாரித்துக் கொடுக்கிறது. பல வருடம் ஆங்கிலப் பத்திரிகையில் செய்தி சேகரித்தும் திருத்தியும் இருந்துவிட்டு அங்கே சேர்ந்தேன். மலாவியில் உதவி செய்பவர்கள் ஒருவரை ஒருவர் இடிக்காமல் எப்படி வேலை செய்வது என்று சொல்லும் கையேடு ஒன்று என் மேஜைக்கு வந்தது. அறுபது பக்கத்தை இருபத்திரண்டாக்கி அனுப்பினேன். ஒரு வருடம் கழித்து, அது களத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து எழுத என்னையே அனுப்பிவிட்டார்கள்.

வரைபடம் எனக்குப் பிடித்திருந்தது. அடையாறு வீடுகளுக்குள் புகுந்த வருடம் அனகாபுத்தூரிலிருந்து செய்தி அனுப்பியிருக்கிறேன். உதவி லாரிகள் எல்லாம் பெரிய தெருவின் முனையிலேயே நின்றன. முதல் வீட்டு வாசலில் பிஸ்கட் பாக்கெட்டுகள் மூட்டையாகக் கிடந்தன. நாலு சந்து தள்ளி இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஒருங்கிணைக்க ஆளில்லை என்று அன்று எழுதினேன். இப்போது அந்த ஒருங்கிணைப்பு என் எதிரே சுவரில் தொங்கியது.

மதியம் ன்சிமா. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. கேழ்வரகுக் களியின் நிறத்தை எடுத்துவிட்டால் இதுதான். கையால் பிய்த்து, உருட்டி, கீரையில் தொட்டுச் சாப்பிட வேண்டும். ஐரோப்பியர்கள் முள்கரண்டியோடு தடுமாறிக்கொண்டிருக்க, நான் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். பரிமாறிய பெண் என் உள்ளங்கையைக் கவனித்துவிட்டு, கேட்காமலே இன்னொரு உருண்டை வைத்தார்.

மறுநாள் ஏரிக்கரைக்குக் கிளம்பினோம். பச்சை அமைப்பு வண்டியும் டிரைவரும் கொடுத்திருந்தது. நாட்டில் டீசல் தட்டுப்பாடு. பாதி வழியில் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. "முடிந்துவிட்டது" என்று டிரைவர் மழை நின்றதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

சாலையோரம் நின்ற ஒரு மணி நேரத்தில் மூன்று வெள்ளை ஜீப்புகள் எங்களைக் கடந்தன. மூன்றிலும் பின்னிருக்கை காலி. மூன்றாவது நின்றது. கண்ணாடி இறங்கி, உள்ளேயிருந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது. முந்தின நாள் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான். அவருடைய அமைப்பின் வண்டியில் ஏற வேண்டுமானால் பயணிகள் பட்டியலில் முன்கூட்டியே பெயர் இருக்க வேண்டும் என்று உண்மையான வருத்தத்தோடு விளக்கினார். ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஒரு மினிபஸ் வந்தது, டிரைவரை வண்டியோடு விட்டுவிட்டுக் கையைக் காட்டினேன். மூன்று பேர் உட்காரும் வரிசையில் நான்கு பேர். ஐந்தாவதாக நான் ஏறினேன். யாரும் பட்டியல் கேட்கவில்லை. மேடவாக்கம் ஷேர் ஆட்டோவில் வருடக்கணக்கில் போய்வந்த உடம்பு, தோளை எப்படித் திருப்ப வேண்டும் என்று தானே தெரிந்துகொண்டது. பக்கத்துப் பெண்ணின் மடியில் உசிபா கூடை. உசிபா ஏரியில் பிடிக்கும் பொடிமீன். வழியெங்கும் கரையோரம் நாணல் பந்தல்களில் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். வாசனை அப்படியே கோவளத்து நெத்திலி. விலை கேட்ட ஒருவனை அந்தப் பெண் என்ன சொல்லித் திட்டினார் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் எனக்கு மொழிபெயர்த்தார்கள்: "வாங்குகிற மூஞ்சியா இது? மோந்து பார்த்ததற்கே காசு கொடுத்துவிட்டுப் போ." கோவளத்திலும் இதேதான்.

மூன்றாம் நாள் காலை நான் பார்க்கப் போனது ஒரு சுகாதார நிலையம். வரைபடத்தில் நீலம். வாசலில் நீல அமைப்பின் பெயர்ப் பலகை புதிதாகவே இருந்தது. அமைப்புதான் இல்லை. அவர்கள் நாட்டு அரசு உதவியை நிறுத்திவிட, அலுவலகத்தைக் காலி செய்துகொண்டு எல்லோரும் போய் ஐந்து மாதம் ஆகிறது.

பொறுப்பிலிருந்த செவிலியின் பெயர் சிசோமோ. நாற்பது வயதிருக்கும். பெண்களை அங்கே 'அமாயி' என்று கூப்பிடுகிறார்கள். அதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிரசவ அறையில் குழாயைத் திறந்து காட்டினார். காற்று வந்தது. கூரைமேல் சோலார் தகடுகள், பின்னால் ஆழ்துளைக் கிணறு, அதில் மோட்டார், மேலே தொட்டி, எல்லாம் சரியாக இருக்கின்றன. தகட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் கன்ட்ரோலர் பெட்டி மட்டும் நீலம் போன கையோடு எரிந்துவிட்டது. செங்கல் அளவு பெட்டி.

கட்டடத்தின் பின்பக்கம் நீளமான ஒரு கொட்டகை. பிரசவ நாள் நெருங்கியவர்கள் கிராமத்திலிருந்து வந்து காத்திருக்கும் இடம். அன்று பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரோடும் ஓர் உறவுக்காரப் பெண். அந்தப் பெண்களின் வேலை ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது. போக நாற்பது நிமிடம், தலையில் வாளியோடு திரும்ப இன்னும் அதிகம். வாளிகள் நிரம்பினால்தான் பிரசவம் பார்க்க முடியும். டொரிக்கா என்பவருக்கு இரட்டைக் குழந்தைகள் என்றார் சிசோமோ. அவருடைய தங்கை ஒரு நாளைக்கு நான்கு முறை ஏரிக்குப் போய்வருகிறாள்.

போன வாரம் பிரசவமான ஒரு பெண்ணுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். குழந்தை நன்றாக இருக்கிறது என்று சிசோமோ பதில் சொன்னார். நான் மறுபடி கேட்கவில்லை.

பெட்டிக்கு எங்கெல்லாம் எழுதினார் என்று கேட்டேன். எல்லோருக்கும் எழுதியிருக்கிறார். பதினெட்டு கிலோமீட்டரில், ஆரஞ்சு அமைப்பின் கிடங்கில், அதே கன்ட்ரோலர் மூன்று இருக்கிறதாம். ஆனால் இது நீலத்தின் இடம். நீலம் ஒப்புதல் கடிதம் கொடுத்தால்தான் ஆரஞ்சு உள்ளே வரலாம். கடிதத்தில் கையெழுத்துப் போட நீலத்தில் ஆள் இல்லை.

"இது எங்கே இருக்கிற விதி?" என்றேன்.

சுவரைக் காட்டினார். தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. அச்செழுத்தின் அளவு, பத்திகளின் இடைவெளி, பக்க எண் இருந்த மூலை எல்லாம் எனக்குப் பழக்கமானவை. எங்கள் கையேட்டின் ஒன்பதாம் பக்கம். ஒரு வாக்கியத்தின் கீழே சிவப்புக் கோடு: ஓர் அமைப்புக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில், அதன் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றி வேறு எந்த அமைப்பும் பணி தொடங்கக் கூடாது.

நான் சுத்தம் செய்த வாக்கியம். அதன் பின்னால் இன்னொரு வாக்கியம் இருந்தது. குடிநீர், மகப்பேறு போன்ற அவசரத் தேவைகளில் ஒப்புதலுக்குக் காத்திராமல் மாவட்ட அலுவலரே முடிவெடுக்கலாம் என்று அது சொன்னது. பத்திரிகையில் இடம் போதாவிட்டால் பத்தியின் வாலை வெட்டுவோம். முக்கியமானது தலையில் இருக்கும் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. கையேட்டையும் அப்படித்தான் சுருக்கினேன். 'அவசரம்' என்றால் என்ன என்று விளக்கவில்லை, நீக்கலாம் என்று ஓரத்தில் குறிப்பு எழுதியதும் நினைவுக்கு வந்தது. வரைவைப் பார்த்தவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. சின்னதாக, தெளிவாக இருக்கிறது என்று பாராட்டியிருந்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு சிசோமோவிடம் சொன்னேன்.

"ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

"நீளமாக இருந்தது."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் வாளியில் ஒரு குவளை மொண்டு, பாதியைத் திரும்ப ஊற்றிவிட்டு, மீதியில் கையைக் கழுவிக்கொண்டு போனார்.

கூட்டத் தலைவருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். நீக்கியதைத் திரும்பச் சேர்க்கலாம், நல்ல யோசனை, அடுத்த கூட்டத்தில் வைப்போம் என்றார். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து. இந்தப் பன்னிரண்டு பேருக்கு அவ்வளவு நாள் இல்லை என்றேன். தனியாக ஓர் இடத்துக்கு விலக்குக் கொடுத்தால் வரைபடத்துக்கு மதிப்பிருக்காது என்று அவர் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. என் கையேட்டின் வார்த்தைகளையே எனக்குத் திருப்பிச் சொன்னார். நன்றாக எழுதப்பட்டிருந்தன.

நான்காம் நாள் ஆரஞ்சின் கிடங்குக்குச் சைக்கிள் டாக்சியில் போனேன். பின்சீட்டில் ஒரு மெத்தை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. செம்மண் மேட்டில் ஏறும்போது இறங்கி நடக்க வேண்டும், ஓட்டுபவர் முகம் சுளித்தால் தள்ளவும் வேண்டும். கிடங்குப் பொறுப்பாளர் உங்கள் ஊர்க்காரர் என்று சிசோமோ சொல்லியிருந்தார். இந்தியர் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பனியனோடு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டையை மாட்டினார்.

"தமிழாக்கா? எந்த ஊரு?"

சேலையூர் என்றேன். அவர் அனகாபுத்தூர். பெயர் ஆரோக்கியராஜ். மறைமலை நகரில் கார் உதிரிபாக ஆலையில் பராமரிப்பு வேலை பார்த்து, பிறகு சோலார் மோட்டார் பொருத்தும் நிறுவனத்தின் மூலம் இங்கே வந்தவர். முப்பத்தைந்து வயது. ஆறு மாதமாகத் தமிழில் பேச ஆள் கிடைக்காத குறையைப் பத்து நிமிடத்தில் தீர்த்துக்கொண்டார். மந்தாசி என்று ஒரு இனிப்பு போண்டாவும் டீயும் வந்தன. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த அம்மா மூணு தபா நேர்லயே வந்துச்சுக்கா. பொட்டி அங்க ரேக்குலதான் கீது. குடுத்தா என் வேல பூடும். ஆரஞ்சு வேற, நீலம் வேறயாம். இன்னா பேஜாரு பாருங்க."

வெள்ளத்தின்போது அவர் வீடு எங்கே இருந்தது என்று கேட்டேன். நான்காவது சந்து.

"மெயின் ரோட்ல ஒரு வூட்டுக்கு பதினாலு போர்வ. எங்க சந்துக்கு ஒரு பன்னு வரல. யாரும் கேக்கலக்கா, அதான் அப்டி ஆச்சு. இங்க எல்லாரும் கேக்குறாங்க, எல்லாரும் எழுதிக்கிறாங்க. அப்பவும் தண்ணி வரல." டீயை ஊதினார். "யாருக்கா இந்த ரூலு எழுதினது?"

நான்தான் என்றேன், எதை வெட்டினேன் என்பதையும் சொன்னேன். டீயைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். அதைக் கேலி என்றே எடுத்துக்கொண்டேன்.

"சரி வுடுங்க. எழுதினவங்க நீங்க. இதுல ஓட்ட எங்க கீதுன்னு நீங்களே பாருங்க."

கையேட்டை அவருடைய மேஜையில் பரப்பி வரிவரியாகப் படித்தோம். பணி, கட்டுமானம், பொருள் வழங்கல் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் தேவை. பதினேழாம் பக்கத்தில் ஆரோக்கியராஜின் விரல் நின்றது. பயிற்சிகளை எந்த அமைப்பும் எந்தப் பகுதியிலும் நடத்தலாம். செய்முறைக்கு வேண்டிய கருவிகளைக் கொண்டுபோகலாம், முடிந்ததும் திரும்ப எடுத்துவந்துவிட வேண்டும்.

"ட்ரெய்னிங்குக்கு கலரே இல்லக்கா" என்றார்.

அன்று மாலையே தலைமை அலுவலகத்திடம் அனுமதி வாங்கிவிட்டார். ஐந்து மாதம் ஒரு பெட்டிக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராத இடத்தில், மூன்று நாள் பயிற்சிக்கு இரண்டு மணி நேரத்தில் சம்மதம் வந்தது. பேனர் அடித்துக்கொள்ளவும் சொன்னார்கள்.

மறுநாள் தொடங்கிய பயிற்சியில் சேர்ந்தவர்கள் மூன்று பேர்: காவலாளி, கூட்டிப் பெருக்குபவர், சிசோமோ. ஆரோக்கியராஜ் பேனரைக் கட்டினார். எரிந்த பெட்டியைக் கழற்றிக் காட்டினார். செய்முறை விளக்கம் என்று நோட்டில் எழுதிவிட்டு, புதிய பெட்டியைப் பொருத்தினார். மோட்டார் முனகியது. முதலில் துரு, பிறகு சேறு, பிறகு தண்ணீர் வந்தது.

கொட்டகையிலிருந்த அத்தனை பேரும் எழுந்து வந்தார்கள். வாளி, களி கிண்டும் பானை, எண்ணெய் டின், சலவைத் தொட்டி, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் என்று எதிலெல்லாம் தண்ணீர் நிற்குமோ அதையெல்லாம் கொண்டுவந்தார்கள். ஊரப்பாக்கத்தில் தண்ணீர் லாரி வரும்போது பார்க்கும் வேகம்தான். ஆனால் அங்கே கேட்கும் சண்டை இங்கே இல்லை. மூன்று நாளில் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிசோமோ முதலிலேயே சொல்லிவிட்டார். டொரிக்காவின் தங்கை காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சியின் இரண்டாம் நாள் பகலில் டொரிக்காவுக்கு வலி எடுத்தது. பயிற்சி நின்றது. ஆரோக்கியராஜும் நானும் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டும் பெண். சிசோமோ வெளியே வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவி முடித்த பிறகும் கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டே நின்றார்.

மூன்றாம் நாள் மூன்று மணிக்கு நிறைவு விழா. சான்றிதழ்கள் வந்தாயிற்று. பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லித் தலைநகரிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ஆரோக்கியராஜ் ஸ்குரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு மோட்டார் அறை வாசலில் நின்றார். கொட்டகைப் பெண்கள் அவர் கையைப் பார்த்தார்கள். என் பழைய தொழிலில் விபத்து நடந்த இடங்களுக்குப் போயிருக்கிறேன். அங்கெல்லாம் எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேருவேன். இங்கே நடக்கப்போவதை முன்கூட்டியே நேரம் குறித்து, விழா வைத்து, பேனர் கட்டிச் செய்கிறார்கள்.

முடிவுப் படிவத்தில் நிலையப் பொறுப்பாளர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். ஆரோக்கியராஜ் கேட்டார்: தகட்டிலிருந்து வரும் சிவப்பு வயரை எங்கே கொடுப்பீர்கள்?

சிசோமோ கொஞ்சம் யோசித்தார். "மைனஸில்" என்றார்.

தப்பு என்று ஆரோக்கியராஜ் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். இவர்தான் முந்தின நாள் அதே வயர்களைத் தானே கழற்றித் தானே மாட்டியவர். மறுபடி கேட்டார்.

"மைனஸ்."

பேனாவை மூடிவைத்துவிட்டு, மேஜையின் இழுப்பறையிலிருந்து கையேட்டை எடுத்தார் சிசோமோ. ஓரங்கள் மடங்கி, பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடுகள். இதை முழுக்கப் படித்த ஒரே ஆளை நான் அங்கேதான் சந்தித்தேன். பதினெட்டாம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். ஒரு பத்தியின் கடைசி வரி: பங்கேற்பாளர் தேர்ச்சி பெறும்வரை பயிற்சியை நீட்டிக்கலாம்.

பத்தியின் வால். வெட்டியிருக்க வேண்டியது. ஏன் விட்டுவைத்தேன் என்று நினைவில்லை.

"எனக்கு இன்னும் வரவில்லை" என்றார் சிசோமோ. "நான் மெதுவாகக் கற்றுக்கொள்பவள்."

ஆரோக்கியராஜ் என் பக்கம் திரும்பி, முகத்தை மாற்றாமல் தமிழில் சொன்னார்: "இன்னாக்கா பண்றது, இந்தம்மா ஃபெயில் ஆயிக்கினே கீது." ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போட்டார். தலைநகருக்குப் போன் செய்து, பயிற்சி முடியவில்லை, கருவி இங்கேயே இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் தகவல் சொன்னார். பேனரை அவிழ்க்கவில்லை.

ஊர் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. நடந்ததையும் வெட்டியதையும் அறிக்கையில் அப்படியே எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துக்கொண்டார்கள். நீக்கப்பட்ட வாக்கியத்தைத் திரும்பச் சேர்ப்பது பற்றி ஆராய ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் அந்த இடம் இன்னும் நீலம்.

ஒவ்வொரு மாதமும் நிலவர அட்டவணை ஒன்று என் மேஜைக்கு வருகிறது. சோலார் மோட்டார் பயிற்சி என்ற வரிக்கு எதிரே 'நடைபெறுகிறது' என்று இருக்கிறது. ஆரோக்கியராஜ் வாரம் ஒருமுறை தேர்வு வைக்க அங்கே போய்வருகிறார். போன ஞாயிறு வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தார். பின்னணியில் வாளிகளின் சத்தமும் குழந்தைகளின் அழுகையும் கேட்டன. சிவப்பு வயரை எங்கே கொடுப்பது என்று கேட்டால் சிசோமோ இன்னும் மைனஸ் என்றுதான் சொல்கிறாராம்.